கிடப்பில் கிடந்த பாட்டு: ப்ளாண்டியின் ‘பேரலல் லைன்ஸ்’ ஆல்பம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1978 செப்டம்பரில் கிரிசாலிஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘பேரலல் லைன்ஸ்’, நியூயார்க்கைச் சேர்ந்த ப்ளாண்டி என்ற ராக் குழுவின் மூன்றாவது ஆல்பம். பன்னிரண்டு பாடல்கள், ஏறத்தாழ 39 நிமிடங்கள். முந்தைய இரண்டு ஆல்பங்களும் அமெரிக்காவில் கவனிப்பாரின்றிப் போயிருக்க, இந்த மூன்றாவது ஆல்பம் 1979 பிப்ரவரியில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்து நான்கு வாரம் அங்கேயே நின்றது. அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஆல்பமும் இதுவே. அமெரிக்காவில் பில்போர்டு இதழின் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது. இதில் இடம்பெற்ற ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ பாடல் இரு நாடுகளிலும் முதலிடம் பெற்றது. அதுவரை விமர்சகர்களும் இரவு விடுதி ரசிகர்களும் மட்டுமே பேசிக்கொண்டிருந்த, பங்க் என்ற முரட்டு ராக் இசையிலிருந்து கிளைத்த நியூ வேவ் இசை, பள்ளிப் பிள்ளைகளின் அறைகளுக்கும் கார் வானொலிகளுக்கும் போய்ச் சேர்ந்ததில் இந்த ஆல்பத்தின் பங்கு மிகப் பெரியது.

வெற்றி வந்த வேகத்தில் பழியும் வந்தது. குழு பிறந்து வளர்ந்த நியூயார்க் வட்டாரத்திலேயே, இவர்கள் டிஸ்கோ என்ற நடன விடுதி இசைக்கு விலைபோய்விட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. விற்றால் கலை கெட்டது என்றும், விற்காவிட்டால் கலை தூய்மையானது என்றும் எளிதாகக் கணக்குப் போட்டுவிடும் வழக்கம் எல்லா ஊர் இசை ரசிகர்களிடமும் உண்டு. அந்தக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த விற்பனை உண்மையில் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். சந்தைக்காக இசையை வளைத்ததால் வந்ததா, அல்லது ஏற்கெனவே கையில் இருந்த இசையை ஒழுங்காகச் செய்து முடித்ததால் வந்ததா? ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் விடை இரண்டாவதன் பக்கமே சாய்கிறது என்பது என் முடிவு. சந்தையும் தன் பங்கைக் கேட்காமல் விடவில்லை. அதைப் பாடல்களில் தேடுவதைவிட ஆல்பத்தின் அட்டையில் தேடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

பவரி தெருவிலிருந்து

மன்ஹாட்டனின் பவரி தெருவில், 315ஆம் எண் கட்டடத்தில், ஹில்லி கிறிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் சி.பி.ஜி.பி. என்ற மதுவிடுதியைத் திறந்தபோது, அவர் மனத்தில் இருந்தவை கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் ஆகிய இசை வகைகள். விடுதியின் பெயரும் அவற்றின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே வந்து வாசித்தவர்கள் டெலிவிஷன், ராமோன்ஸ், பேட்டி ஸ்மித், டாக்கிங் ஹெட்ஸ் என்று முற்றிலும் வேறு வகையினர். பாடகி டெபி ஹாரியும் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஸ்டைனும் 1974இல் தொடங்கிய ப்ளாண்டி இந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில்தான் மதிக்கப்பட்டது. வாசிப்பில் பிசிறு இருந்தது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். 1975இல் அவர்களுடைய பேஸ் கிட்டார் கலைஞர் ஃபிரெட் ஸ்மித், எதிர்காலம் உள்ள இடம் என்று கருதி டெலிவிஷன் குழுவுக்குப் போய்விட்டார். அந்த வட்டாரத்திலிருந்து யார் பெரிய ஆளாவார்கள் என்று அன்று கேட்டிருந்தால், ப்ளாண்டியின் பெயரை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹாரி 1945இல் பிறந்தவர். பத்தாண்டுகளுக்கு முன்பே ‘விண்ட் இன் த வில்லோஸ்’ என்ற குழுவில் பின்குரல் பாடியவர். மேக்சஸ் கேன்சஸ் சிட்டி என்ற விடுதியில் உணவு பரிமாறியவர். ‘பேரலல் லைன்ஸ்’ வெளிவந்தபோது அவருக்கு 33 வயது. இளைஞர் சந்தையை நம்பியிருக்கும் பாப் இசையில் அது மிகவும் பிந்திய தொடக்கம். அவருடைய குரலில் தெரியும் அந்த அலட்சியத் தொனியும், காதலைப் பற்றிப் பாடும்போதும் ஓரடி தள்ளி நிற்கும் பார்வையும், வாழ்க்கையில் சில அடிகள் வாங்கிய பிறகு வந்தவை என்றே எனக்குப் படுகிறது.

முதல் இரண்டு ஆல்பங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிச்சர்ட் காட்டெரர் தயாரித்த முதல் ஆல்பம் 1976 இறுதியில் பிரைவேட் ஸ்டாக் என்ற சிறு நிறுவனத்தின் வழியாக வந்தது. ஆஸ்திரேலியாவில் ‘இன் த ஃபிளெஷ்’ என்ற பாடல் இரண்டாம் இடம் வரை போனதைத் தவிர அதற்குப் பெரிய பலன் இல்லை. பிறகு பிரிட்டனைத் தளமாகக் கொண்ட கிரிசாலிஸ் அந்த ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கியது. 1978 பிப்ரவரியில் வந்த ‘பிளாஸ்டிக் லெட்டர்ஸ்’ ஆல்பத்திலிருந்து ‘டெனிஸ்’ பாடல் பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. சொந்த நாட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

அமெரிக்க வானொலி நிலையங்கள் பங்க் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்திய காலம் அது. சைர் இசைத்தட்டு நிறுவனத்தின் சீமோர் ஸ்டைன் 1977இல் தம் குழுக்களை பங்க் என்று அழைக்க வேண்டாம், நியூ வேவ் என்று அழையுங்கள் என்று பிரசாரமே நடத்தினார். பிரெஞ்சுத் திரைப்படங்களிலிருந்து இரவல் வந்த அந்தப் பெயர் அவ்வகையில் ஒரு வணிக ஏற்பாடுதான். ஆயினும் பெயர் மாற்றியதால் மட்டும் பாட்டு வானொலியில் ஓடிவிடாது. அந்தப் பெயருக்குப் பொருத்தமான ஒரு பாட்டை யாராவது செய்து காட்ட வேண்டியிருந்தது.

மைக் சாப்மன் வருகிறார்

மைக் சாப்மன் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பிறந்தவர். லண்டனில் நிக்கி சின்னுடன் சேர்ந்து, 1970களின் முற்பாதியில் ஸ்வீட், மட், சுசி குவாட்ரோ ஆகியோருக்கு வரிசையாக வெற்றிப் பாடல்களை எழுதித் தந்தவர். கேட்பவரை முதல் சில நொடிகளிலேயே பிடித்து, மூன்று நிமிடம் விடாமல் வைத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை. 1978 இலையுதிர் காலத்தில் மட்டும், எக்சைல் குழுவின் ‘கிஸ் யூ ஆல் ஓவர்’, நிக் கில்டரின் ‘ஹாட் சைல்ட் இன் த சிட்டி’ என அவர் தயாரித்த இரண்டு பாடல்கள் அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் இருந்தன. பவரி தெருவின் கண்ணுக்கு இத்தகைய ஆள், சரக்குக் கடை முதலாளியைப் போலத்தான் தெரிந்திருப்பார். ஹாரிக்கும் தொடக்கத்தில் அவர்மேல் தயக்கம் இருந்தது. குழுவின் பழைய பாடல்களை ஆர்வத்தோடு கேட்டு, அவற்றுக்குள் இருந்ததை அவர் கண்டுகொண்ட பிறகே அந்தத் தயக்கம் தளர்ந்தது.

ஒலிப்பதிவு 1978 ஜூனில் நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் கூடத்தில் தொடங்கியது. ஒலிப்பதிவாளர் பீட்டர் கோல்மன். குழுவில் அப்போது ஆறு பேர்: பாடகி ஹாரி, கிட்டாரில் கிறிஸ் ஸ்டைனும் ஃபிராங்க் இன்ஃபன்டேயும், டிரம்மில் கிளெம் பர்க், விசைப்பலகையில் ஜிம்மி டெஸ்ட்ரி, பேஸ் கிட்டாரில் இங்கிலாந்துக்காரரான நைஜல் ஹாரிசன். இந்த ஆறு பேரும் சேர்ந்து பதிவு செய்த முதல் ஆல்பம் இது என்பதை மறந்துவிடக் கூடாது. முந்தைய தயாரிப்பாளர் காட்டெரர், உற்சாகம் இருந்தால் சிறு பிழைகளைப் பொருட்படுத்தாதவர். சாப்மன் அதற்கு நேர்மாறு. ஒரு டேக், அதாவது ஒருமுறை வாசித்த பதிவு, சரியில்லை என்றால் இன்னொன்று, அதுவும் சரியில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. கிட்டார் சுருதியில் ஓர் இழை விலகல் இருந்தாலும் நிறுத்திவிடுவார். மேடையில் வாசித்துப் பழகிய வேகத்தை நம்பி வந்தவர்களுக்கு இது கடும் சோதனையாக இருந்தது, வாக்குவாதங்களும் நடந்தன. ஆனால் கிரிசாலிஸ் தந்த ஆறு மாதக் கெடுவில் அவர்கள் ஆறே வாரத்தில் ஆல்பத்தை முடித்தார்கள். கண்டிப்பு வேலையை நீட்டிக்கும் என்று நினைப்போம். இங்கே அது சுருக்கியது. ஒவ்வொரு பாடலிலும் எது வேண்டும் என்பது கூடத்தில் ஒருவருக்காவது தெளிவாகத் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

ஒரு பாட்டை உடைத்துக் கட்டியது எப்படி

இந்த நிகழ்வின் மையம் ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’. ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் நான்காவதாக, அதாவது மொத்தத்தில் பத்தாவதாக இது வருகிறது. இதன் பிறப்பை அறிந்துகொண்டால் விலைபோன கதையின் அடித்தளமே ஆட்டம் காணும்.

ஹாரியும் ஸ்டைனும் இந்தப் பாடலின் முதல் வடிவத்தை எழுதியது 1974-75 வாக்கில். ஹ்யூஸ் கார்ப்பரேஷன் குழுவின் ‘ராக் த போட்’ 1974 கோடையில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. அந்தப் பாட்டின் ஆட்ட நடைதான் இதற்கு முன்மாதிரி. ‘ஒன்ஸ் ஐ ஹேட் எ லவ்’ என்பது அன்றைய தலைப்பு. குழுவினர் தங்களுக்குள் இதை ‘டிஸ்கோ பாட்டு’ என்றே சொல்லிக்கொண்டார்கள். 1975இல் ஆலன் பெட்ராக் மேற்பார்வையில் இதன் மாதிரிப் பதிவும் எடுக்கப்பட்டது. அந்த ஆண்டில் ப்ளாண்டிக்கு ஒப்பந்தமும் இல்லை, ஆல்பமும் இல்லை. பங்க் என்ற சொல்கூட அந்த விடுதியின்மீது இன்னும் இறுக ஒட்டியிருக்கவில்லை. அப்படியானால் டிஸ்கோ இவர்களிடம் 1978இல் பணத்தோடு வந்த விருந்தாளி அல்ல. அது தொடக்கத்திலிருந்தே வீட்டில் இருந்தது. எந்த இடத்தில் உட்கார வைப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

நடுவில் இதை மெதுநடைப் பாடலாகப் பாடிப் பார்த்தார்கள். ஜமைக்காவின் ரெகே நடையிலும் முயன்றார்கள். எதுவும் அமையவில்லை. அதே நேரத்தில் அவர்களுடைய காது நடன இசையை விட்டு விலகவும் இல்லை. 1978 மே மாதத்தில், கத்திக்குத்துக்கு ஆளான டெட் பாய்ஸ் குழுவின் டிரம்மர் ஜானி பிளிட்ஸின் மருத்துவச் செலவுக்காக சி.பி.ஜி.பி.யில் நிதி திரட்டும் நிகழ்ச்சி நடந்தது. அந்த மேடையில் ப்ளாண்டி, டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ பாடலைப் பாடியது. பங்க் இசையின் கருவறை என்று பேசப்பட்ட இடத்தில், பங்க் கலைஞர் ஒருவருக்கான உதவி நிகழ்ச்சியில், சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் பிறந்த டிஸ்கோ பாட்டு ஒலித்தது. ‘பேரலல் லைன்ஸ்’ பதிவு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு நடந்தது இது. பிறகு எழுந்த பழிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறு தேவையில்லை.

சாப்மனிடம் இந்தப் பாட்டு வந்தபோது டெஸ்ட்ரியிடம் ரோலண்ட் சி.ஆர்.-78 என்ற தாள இயந்திரம் இருந்தது. நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பாக்ஸ் என்பார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, மரப்பெட்டி போன்ற சிறு கருவி. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் இயந்திர நடை குழுவினருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆகவே அந்தப் பெட்டியின் தாளத்தை முதலில் நாடாவில் பதிவு செய்து, பாட்டு முழுவதையும் அதன்மேல் கட்டுவது என்று முடிவாயிற்று.

சொல்ல எளிது. இன்று ஒரு மடிக்கணினியில் இது சில நிமிட வேலை. 1978இல் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி என்ற பொதுமொழிகூட இன்னும் வரவில்லை. இயந்திரம் களைப்பதில்லை, உற்சாகத்தில் வேகம் கூட்டுவதும் இல்லை. மனிதக் கை இரண்டையும் செய்யும். மேடையில் பர்க்கின் பலமே அந்த உற்சாக வேகம்தான். அவர் இயந்திரத்தோடு மயிரிழை பிசகாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காக, சாப்மன் டிரம் செட்டையே பிரித்துப் போட்டார். முதலில் காலால் மிதிக்கும் பேஸ் டிரம்மை மட்டும் பாட்டின் தொடக்கம் முதல் இறுதி வரை தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். அது இயந்திரத்தோடு பொருந்திய பிறகே டிரம் செட்டின் மற்ற உறுப்புகளைத் தனித்தனியாக அதன்மேல் ஏற்றினார். இரண்டு கை, இரண்டு கால் கொண்டு ஒரே மூச்சில் வாசித்துப் பழகிய ஒரு டிரம்மருக்கு, காலை மட்டும் அசைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பது எத்தனை கடினம் என்பதைத் தாளம் போடத் தெரிந்த எவரும் உணர்வார்கள். சின்தசைசர் ஒலியையும் அந்தப் பெட்டியின் துடிப்போடு கட்டினார்கள். ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தின் பாடல்கள் அப்போது உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தன. அவற்றில் பீ ஜீஸின் ‘ஸ்டேயிங் அலைவ்’ பாடலின் டிரம் நடை தமக்குத் தூண்டுதலாக இருந்ததை பர்க் மறைத்ததில்லை.

ஹெட்போனில் கேட்டுப் பார்த்தால் இந்த உழைப்பு முதல் நொடியிலிருந்தே தெரியும். முதலில் அந்தச் சிறு பெட்டியின் சிணுங்கல் வருகிறது. அதன்மேல் பர்க்கின் டிரம் வந்து அமர்கிறது. இரண்டும் ஒன்றாகிவிடவில்லை. பெட்டியின் ஒலி வறண்டு, மெலிந்து, ஓரமாக ஓடுகிறது. மனிதனின் டிரம் சற்று கனத்தோடு நடுவில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. அதற்கும் மேலே, கண்ணாடியில் விரல் வைத்தாற்போல் ஹாரியின் மெல்லிய, உச்சஸ்தாயிக் குரல்.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். நடுவில் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதியில், நான்கு நான்காக நடந்துவந்த தாளம் ஏழாகச் சுருங்குகிறது. மிஸ்ர சாபுவில் பழகிய காதுக்கு ஏழு ஒன்றும் அந்நியமில்லை. ஆனால் நடனத் தளத்தை நம்பி ஓடும் பாட்டில் எட்டடிக்குப் பதில் ஏழடி வைத்தால், ஆடுகிறவரின் கால் ஒரு கணம் தரையைத் தேடும். சந்தைக்கு மட்டுமே வேலை செய்பவர் யாரும் அந்த இடத்தில் கை வைக்க மாட்டார். இவர்கள் வைத்தார்கள், அப்படியே விற்கவும் செய்தார்கள்.

மற்றப் பாடல்கள்

இந்த ஒரு பாட்டினால் மட்டும் ஆல்பம் விற்கவில்லை. முதல் பாடலான ‘ஹேங்கிங் ஆன் த டெலிஃபோன்’, பிரிட்டிஷ் தொலைபேசியின் இரட்டை மணியொலியோடு தொடங்கி, மூச்சு விடாமல் ஓடி, இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. இது லாஸ் ஏஞ்சல்ஸில் இயங்கிய த நெர்வ்ஸ் என்ற சிறு குழுவுக்காக ஜேக் லீ எழுதியது. அந்தக் குழு 1976இல் வெளியிட்டபோது கேட்டவர் சிலரே. ‘வில் எனிதிங் ஹேப்பன்’ பாடலும் லீ எழுதியதுதான். யாரும் கண்டுகொள்ளாத ஒரு நல்ல பாட்டை எடுத்து அதற்கு உரிய இடத்தைக் கொடுத்த இந்தச் செயல் எனக்கு மிகவும் பிடித்தது.

‘ஒன் வே ஆர் அனதர்’ கேட்க விளையாட்டாகத் தோன்றும். தம்மை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த முன்னாள் காதலர் ஒருவரைப் பற்றிய அனுபவத்திலிருந்து ஹாரி எழுதியது அது. பின்தொடர்பவனின் வாயிலேயே பாட்டை வைத்து, அந்த அச்சத்தைச் சிரிப்பாக மாற்றியிருக்கிறார். இறுதியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்போது அச்சம் திரும்பவும் தலைகாட்டுகிறது. ‘சண்டே கேர்ள்’ பாடலை ஸ்டைன் எழுதக் காரணம், ஹாரி வளர்த்த பூனை வீட்டை விட்டு ஓடிப்போனது. ‘ஃபேட் அவே அண்ட் ரேடியேட்’ பாடலில் கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃபிரிப் விருந்தினராகக் கிட்டார் வாசித்தார். நள்ளிரவில் தொலைக்காட்சித் திரையில் மின்னும் பழைய நடிகர்களின் முகங்களைப் பற்றிய, மெதுவான, சற்றே குளிர்ந்த பாடல் அது. டெஸ்ட்ரியின் ‘11:59’, இன்ஃபன்டேயின் ‘ஐ நோ பட் ஐ டோன்ட் நோ’ ஆகியவற்றையும் சேர்த்தால், எழுதியவர்கள் எத்தனை பேர் என்பது விளங்கும். ஒரே ஆல்பத்துக்குள் கேரேஜ் ராக், அறுபதுகளின் பெண்குரல் பாப், டிஸ்கோ, சோதனை இசை எல்லாம் இருந்தும் தொகுப்பு சிதறாமல் நிற்பதற்குக் காரணம் சாப்மனின் காது.

விற்பனை நடந்த வழி

ஆல்பத்தைக் கேட்ட நிறுவனத்தார் முதலில் தயங்கினார்கள் என்றும், வெற்றிப் பாடல்கள் இதில் உண்டு என்று சாப்மன் உறுதி சொன்ன பிறகே சம்மதித்தார்கள் என்றும் பதிவுகள் உள்ளன. ஆல்பத்திலிருந்து தனி இசைத்தட்டாக எடுத்து விற்கும் தனிப்பாடல்கள் வெளிவந்த வரிசையும் அந்தத் தயக்கத்தையே காட்டுகிறது. பிரிட்டனில் முதலில் வந்தது ‘பிக்சர் திஸ்’, 12ஆம் இடம். அடுத்து ‘ஹேங்கிங் ஆன் த டெலிஃபோன்’; 5ஆம் இடம். அமெரிக்காவிலோ, பட்டி ஹாலியின் பழைய பாடலான ‘ஐ’ம் கான்னா லவ் யூ டூ’வை முதல் தனிப்பாடலாக விட்டார்கள், அது எடுபடவில்லை. ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ தனிப்பாடலாக வந்தது ஆல்பம் வெளியாகி நான்கு மாதத்துக்குப் பிறகு, 1979 ஜனவரியில்தான். அது டிஸ்கோ சந்தையைக் குறிவைத்து வார்க்கப்பட்ட பாட்டாக இருந்திருந்தால், நான்கு மாதம் அதைப் பெட்டிக்குள் வைத்திருப்பார்களா?

பிறகு நடந்தது விரைவானது. பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம், நான்கு வாரம். அந்நாட்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள். ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் முதலிடம். மே மாத இறுதியில் ‘சண்டே கேர்ள்’ பிரிட்டனில் முதலிடம், மூன்று வாரம். ‘ஒன் வே ஆர் அனதர்’ அமெரிக்காவில் 24ஆம் இடம். நடன விடுதிகளுக்கென்று ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ பாடலின் நீண்ட வடிவமும் வந்தது. இந்த நீட்சி சந்தைக்காகச் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் பாட்டு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்த ஆண்டின் சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், பேஸ்பால் ஆட்டங்களின் இடைவேளையில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, அடுத்த ஆட்டமே நின்றுபோனது. டிஸ்கோவைக் கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் தன்பாலீர்ப்பாளர்களும் வளர்த்த இசை என்று பார்த்தால், அந்த வெறுப்பின் உள்ளே இசையைத் தவிர வேறு சிலவும் இருந்தன என்பது புரியும். இப்படிப்பட்ட ஆண்டில், ராக் குழு ஒன்று வெட்கப்படாமல் ஒரு டிஸ்கோ பாட்டைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு நின்றதில் ஒரு துணிவு இருந்தது. அதை விலைபோனது என்று சொன்னவர்கள் அந்தத் துணிவைப் பார்க்கவில்லை.

அட்டைப்படம்

சந்தை எங்கே கை வைத்தது என்று கேட்டால் நான் அட்டைப்படத்தைத்தான் காட்டுவேன். எடோ பெர்டோக்லியோ எடுத்த படம் அது. கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளின் முன்னே, வெள்ளை உடையில் இடுப்பில் கை வைத்து, சிரிக்காமல் நேராகப் பார்க்கிறார் ஹாரி. அவரைச் சுற்றிக் கறுப்புக் கோட்டும் கறுப்பு டையும் அணிந்த ஐந்து ஆண்கள். எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். மேலாளர் பீட்டர் லீட்ஸின் எண்ணத்தில் பிறந்த படம் இது, குழுவினருக்குப் பிடிக்கவில்லை. வணிக நோக்கில் குறை சொல்ல முடியாத அட்டை. கடையின் மறுமூலையிலிருந்து பார்த்தாலும் அந்தப் பட்டைகளும் அந்த வெள்ளை உடையும் கண்ணில் படும்.

ஆனால் அந்தப் படம் சொல்லும் செய்தி, உள்ளே இருக்கும் இசைக்கு நேர் எதிரானது. உள்ளே பலர் எழுதி, பலர் வாசித்து, பிரித்துப் போட்டுக் கட்டிய கூட்டு வேலை. வெளியே ஒரு பெண்ணும் அவளுக்குப் பின்னணியாக ஐந்து பேரும். ப்ளாண்டி என்பதே டெபி ஹாரியின் பெயர் என்று மக்கள் நம்பத் தொடங்கியிருந்தார்கள்; ‘ப்ளாண்டி ஒரு குழு’ என்று பட்டன் பேட்ஜ் அச்சிட்டு விநியோகிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது. இந்தக் காயம் ஆறவில்லை. விற்பனை உயர உயர அந்த ஒற்றை முகம் பெரிதாகிக்கொண்டே போனது.

சாப்மனோடு அடுத்தடுத்து ஆல்பங்கள் வந்தன. தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடரோடு செய்த ‘கால் மீ’ 1980இல் அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு ‘ரேப்ச்சர்’, ராப் பகுதி கொண்ட பாடல்களில் அங்கே முதலிடம் பெற்ற முதல் பாடலாயிற்று. ஆனாலும் 1982இல் குழு கலைந்தது. ஸ்டைன் கடும் தோல் நோயால் படுக்கையில் விழ, ஹாரி அவரைக் கவனித்துக்கொண்டார். 1997இல் மீண்டும் கூடியபோது இன்ஃபன்டேயும் ஹாரிசனும் அதில் இல்லை. 2006இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் குழுவைச் சேர்த்த விழாவில், தங்களையும் சேர்ந்து வாசிக்க விடும்படி இன்ஃபன்டே மேடையிலேயே கேட்டார்; அது மறுக்கப்பட்டது. ‘பேரலல் லைன்ஸ்’ அட்டையில் சிரித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் அவர். பர்க் 2025இல் காலமானார்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2024இல் இந்த ஆல்பத்தைத் தேசிய ஒலிப்பதிவுப் பேழையில் சேர்த்தது. 1975, 1978 ஆகிய ஆண்டுகளில் எடுத்த ‘ஒன்ஸ் ஐ ஹேட் எ லவ்’ மாதிரிப் பதிவுகளும் பின்னாளில் வெளியாகிவிட்டதால், அவற்றையும் இறுதி வடிவத்தையும் அடுத்தடுத்து வைத்து யாரும் கேட்கலாம். மெட்டு அதே மெட்டு, சொற்களில் பெரும்பாலானவையும் அவையே. முந்தையவற்றில் குழு பாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆல்பத்தின் பெயர்கூட முடிக்கப்படாத ஒரு பாட்டிலிருந்து வந்ததுதான். ‘பேரலல் லைன்ஸ்’ என்று ஹாரி எழுதத் தொடங்கிய பாட்டு, அந்த ஆறு வாரத்துக்குள் மெட்டோடு முழுமை பெறவில்லை, ஒலிப்பதிவும் ஆகவில்லை. வரிகளை மட்டும் முதல் பதிப்பின் உள்ளுறையில் அச்சிட்டார்கள். 1978இல் இசைத்தட்டை வாங்கி வந்து, உறையை மடியில் வைத்துக்கொண்டு வரிகளைப் படித்தவர்கள், தட்டின் இரண்டு பக்கங்களிலும் அந்தப் பாட்டைத் தேடியிருப்பார்கள்.